சூடானதும் நின்றுபோகும் பழைய பிக்கப்: காயிலா, மாட்யூலா, வேறு எதாவதா?

மண்சாலை:
எல்லாருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 1980களில் வந்த பெட்ரோல் பிக்கப். வரிசையாக ஆறு சிலிண்டர், கார்புரேட்டர், எலக்ட்ரானிக் இக்னிஷன். பாயிண்ட் (கரண்டைத் திறந்து மூடும் பழைய வகை கான்டாக்ட்) கிடையாது. பிளக்குகளுக்குப் பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ளேயே பிக்கப் காயிலும் (ஷாஃப்ட் சுற்றுவதை உணர்ந்து சிக்னல் தருவது) மாட்யூலும் (அந்தச் சிக்னலுக்கு ஏற்ப இக்னிஷன் காயிலின் கரண்டை விட்டு விட்டுத் தருவது) இருக்கின்றன. இக்னிஷன் காயில் மட்டும் தனியாக என்ஜின் பக்கவாட்டில் மாட்டியிருக்கிறது.

காலையில் சாவியைத் திருப்பியதும் ஸ்டார்ட் ஆகிவிடும். ஐட்லிங் நன்றாக இருக்கும், இழுவையும் குறைவில்லை. என்ஜின் நன்றாகச் சூடேறிக் கொஞ்ச தூரம் போன பிறகு, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் நின்றுவிடுகிறது. அப்போது செல்ஃப் அடித்தால் நன்றாகச் சுற்றும், ஆனால் பிடிக்காது. பானெட்டைத் திறந்து வைத்து அரை மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகிறது.

முன்பு வைத்திருந்தவர் காயிலும் பிளக்கும் புதிதாகப் போட்டிருக்கிறார். பில் வண்டியிலேயே இருக்கிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது?

கார்புகாரர்:
சூடானதும் நிற்கிறது, ஆறினதும் ஓடுகிறது என்றால் முதலில் பெட்ரோல் பக்கம் பாருங்கள். பெட்ரோல் லைன் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில் போனால் உள்ளேயே ஆவியாகிவிடும், பம்ப் வெறும் ஆவியைத்தான் இழுக்கும். பழைய மெக்கானிக்கல் பம்பில் டயஃப்ரம் தளர்ந்திருந்தாலும் இதேதான். டேங்க் மூடியில் காற்றுத்துளை அடைத்திருந்தாலும் இதேபோல் வரும். நிற்கும்போது மூடியைத் திறந்து பாருங்கள், உஸ் என்று காற்று உள்ளே போனால் அதுதான்.

பழைய_ஸ்பானர்:
மாட்யூல்தான். சந்தேகமே வேண்டாம். இந்த வகை வண்டியில் சூட்டில் நின்றால் நூற்றுக்குத் தொண்ணூறு மாட்யூல். இரண்டு ஸ்க்ரூ, இரண்டு கனெக்டர். மாற்றிவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள். கூடவே கேப் (டிஸ்ட்ரிபியூட்டர் மூடி), ரோட்டர் (அதற்குள் சுழன்று பொறியைப் பங்கிடுவது), பிளக் வயர் எல்லாம் ஒரே நேரத்தில் போட்டுவிட்டால் நிம்மதி.

நீலப்பொறி:
பழைய ஸ்பானர் சார், நீங்கள் சொல்வது சரியாகவும் இருக்கலாம். ஆனால் அதை இப்போதே சொல்ல முடியாது. முன்பு வைத்திருந்தவரும் இப்படித்தான் யாரோ சொன்னதைக் கேட்டுக் காயிலை மாற்றியிருப்பார். வண்டி இன்னும் நின்றுகொண்டுதான் இருக்கிறது.

தம்பி மண்சாலை, வண்டி ஓடும்போது எந்தச் சோதனை செய்தாலும் எல்லாம் நல்லபடியாகத்தான் காட்டும். மாட்யூலைக் கழற்றிக் கடையில் சோதிக்கக் கொடுத்தாலும் அது ஆறிப்போன மாட்யூல், பாஸ் ஆகிவிடும். வண்டி நின்றுபோன அந்தச் சில நிமிடங்கள்தான் உங்களுக்குக் கிடைக்கும் வாய்ப்பு. அதற்குள் எது போனது என்று பார்த்துவிட வேண்டும். ஆறவிட்டால் சாட்சி கலைந்துவிடும்.

முதல் கேள்வி, கரண்டா பெட்ரோலா. உங்கள் டேஷ்போர்டில் ஆர்பிஎம் மீட்டர் இருக்கிறதா? இருந்தால் அது காயிலின் நெகட்டிவ் முனையிலிருந்துதான் சிக்னல் எடுக்கும். வண்டி ஓட்டத்தில் கியரோடு இருக்கும்போது நின்றால், சக்கரம் என்ஜினைச் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். அப்போது முள் சட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்தால் பிரைமரி பக்கம் (காயிலில் பேட்டரி கரண்டு ஓடும் சுற்று) கரண்டு துடிப்பது நின்றுவிட்டது என்று அர்த்தம். முள் வண்டியின் வேகத்தோடு சேர்ந்து மெதுவாக இறங்கினால் பிரைமரி நன்றாக இருக்கிறது. பெட்ரோலையோ, காயிலின் செகண்டரியையோ (உயர் வோல்ட்டேஜ் சுற்று), ரோட்டரையோ பார்க்கலாம். கையில் ஒரு கருவியும் இல்லாமல் பாதி வழக்கு முடிந்துவிடும்.

இரண்டாவது, வண்டியில் மூன்று பொருள் வைத்துக்கொள்ளுங்கள்: சாதாரண பல்ப் வைத்த 12 வோல்ட் டெஸ்ட் லேம்ப், மல்டிமீட்டர், ஸ்பார்க் டெஸ்டர். ஸ்பார்க் டெஸ்டர் எலக்ட்ரானிக் இக்னிஷனுக்கான அகலமான இடைவெளி உள்ளதாக இருக்கட்டும். சாதாரண பிளக்கை வெளியே எர்த்தில் வைத்துப் பார்த்தால் பலவீனமான காயில்கூடப் பொறி காட்டும். சிலிண்டருக்குள் அழுத்தத்தில் அதே பொறி தாண்டாது.

நின்றவுடன் செய்ய வேண்டியது:

சாவி ஆன். டெஸ்ட் லேம்பின் கிளிப்பை நல்ல எர்த்தில் போட்டு, காயிலின் பாசிட்டிவில் தொடுங்கள். எரிய வேண்டும். எரியாவிட்டால் சாவி சுவிட்ச், ஃபியூசிபிள் லிங்க் (ஃபியூஸ் போல உருகும் வயர்), வயர், இவற்றில்தான் குற்றம்.

பிறகு காயிலின் நெகட்டிவில் தொட்டபடி ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். லேம்ப் மினுக்மினுக்கென்று துடித்தால் மாட்யூல் வேலை செய்கிறது. அப்படியிருந்தும் டெஸ்டரில் பொறி இல்லை என்றால் காயிலின் செகண்டரி, காயிலிலிருந்து கேப்புக்குப் போகும் நடு வயர், கேப், ரோட்டர் என்று அந்தப் பக்கம் போங்கள். துடிக்காமல் நிலையாக எரிந்தால் மாட்யூல் எர்த் செய்யவில்லை. மாட்யூலே போயிருக்கலாம், அல்லது அதற்குச் சொல்ல வேண்டிய பிக்கப் காயில் சொல்லாமல் இருக்கலாம். பாசிட்டிவில் எரிந்து நெகட்டிவில் எரியவே இல்லை என்றால் காயில் பிரைமரி அறுந்திருக்கிறது, இல்லை மாட்யூல் உள்ளேயே எர்த் ஆகி ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இதெல்லாம் ஒரு நிமிட வேலை. பெல்ட், ஃபேன் பக்கத்தில் வயர் தொங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிளக் வயரைக் கையில் பிடித்துக்கொண்டு சோதிக்கவே வேண்டாம். இந்த வகையில் 30,000 வோல்ட்டுக்கு மேல் வரும். வயரை எர்த் இல்லாமல் அந்தரத்தில் விட்டுச் செல்ஃப் அடித்தால் அந்த வோல்ட்டேஜ் போக வழியில்லாமல் காயிலையோ மாட்யூலையோ ரோட்டரையோ துளைத்துக்கொண்டு போகும்.

பழைய_ஸ்பானர்:
சார், சோதனை எல்லாம் சரி. நடுரோட்டில் நிற்கும்போது லேம்பை வைத்துக்கொண்டு யார் பார்த்துக்கொண்டிருப்பார்கள்? மாட்யூல் பெரிய விலை ஒன்றும் இல்லை. போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

நீலப்பொறி:
போட்டுப் பார்த்தால் தெரியும் என்பதில்தான் எனக்குச் சம்மதம் இல்லை. புதிய மாட்யூலைப் போட டிஸ்ட்ரிபியூட்டரில் கை வைப்பீர்கள். பிக்கப் காயிலின் வயர் அசையும், கனெக்டர் கழன்று திரும்ப இறுகும். அந்த அசைவிலேயே வண்டி சில நாள் ஓடும். மாட்யூல்தான் என்று முடிவு கட்டிவிடுவோம். மறுபடி நிற்கும்போது "புது மாட்யூல்தானே, அது இருக்காது" என்று வேறு பக்கம் தேடுவோம். புதிது என்பதாலேயே நல்லது என்று எடுத்துக்கொள்ள முடியாது. இன்று கிடைக்கும் மாற்று உதிரிபாகங்களில் பெட்டியிலிருந்து எடுக்கும்போதே பழுதாக இருப்பவை உண்டு. ஒரே நேரத்தில் ஐந்து பொருள் மாற்றிவிட்டால் அதில் எது புதிய கோளாறைக் கொண்டுவந்தது என்றும் தெரியாது.

வயர்மேன்:
நீலப்பொறி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ஆர்பிஎம் மீட்டருக்குப் போகும் அந்த ஒற்றை வயர் எங்காவது உரசி எர்த் ஆனாலும் என்ஜின் நிற்கும். காயில் நெகட்டிவ் எர்த்தோடு ஒட்டிவிடுகிறது அல்லவா. நிற்கும்போது அந்த வயரைக் கழற்றிவிட்டுச் செல்ஃப் அடித்துப் பாருங்கள். காயில் பாசிட்டிவில் ரேடியோ இரைச்சலுக்காக ஒரு சின்ன கண்டன்சர் மாட்டியிருப்பார்கள், அது ஷார்ட் ஆனாலும் கரண்டு போய்விடும். ஒரு பைசா செலவில்லாமல் இரண்டையும் விலக்கிப் பார்த்துவிடலாம்.

எர்த்தையும் மறக்காதீர்கள். என்ஜினிலிருந்து பாடிக்கும் பேட்டரிக்கும் போகும் பின்னல் பட்டை பழைய வண்டிகளில் பச்சை பூத்து நூலாக இருக்கும். மல்டிமீட்டரின் ஒரு முனை பேட்டரி நெகட்டிவில், இன்னொரு முனை டிஸ்ட்ரிபியூட்டர் உடம்பில். செல்ஃப் அடிக்கும்போது 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. அதேபோல பேட்டரி பாசிட்டிவுக்கும் காயில் பாசிட்டிவுக்கும் நடுவில், பேலஸ்ட் (காயிலுக்கு முன்னால் வரும் ரெசிஸ்டர்) இல்லாத வண்டியில், சாவி ஆனில் அரை வோல்ட்டுக்கு மேல் விழுந்தால் சாவி சுவிட்சிலோ இடையிலுள்ள வயரிலோ குறை இருக்கிறது. ஓம்ஸில் வைத்துப் பார்த்தால் இதெல்லாம் நல்ல வயர் என்றுதான் காட்டும். கரண்டு ஓடும்போது பார்த்தால்தான் உண்மை தெரியும்.

இரவுப்பயணி:
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். என் வண்டி இன்னும் பழையது. செல்ஃப் அடிக்கும்போது பிடிக்கிறது, சாவியை விட்டவுடன் அணைந்துவிடுகிறது. ஒவ்வொரு முறையும் இதே. மண்சாலை பிரச்சினையும் இதுவும் ஒன்றா?

நீலப்பொறி:
இல்லை, உங்களுடையது வேறு. காயிலுக்கு முன்னால் வெள்ளைப் பீங்கானில் பேலஸ்ட் ரெசிஸ்டர் இருக்கிறதா பாருங்கள். செல்ஃப் அடிக்கும்போது அதைத் தாண்டி முழு பேட்டரி வோல்ட்டேஜ் காயிலுக்குப் போகும். சாவியை விட்டதும் ரெசிஸ்டர் வழியாகத்தான் போக வேண்டும். ரெசிஸ்டர் அறுந்திருந்தால் நீங்கள் சொன்னதுதான் நடக்கும். சாவி சுவிட்சில் ரன் நிலையின் கான்டாக்ட் தேய்ந்திருந்தாலும் இதேதான். கிரைஸ்லர் 1970களின் தொடக்கத்தில் எலக்ட்ரானிக் இக்னிஷனுக்கு மாறியபோதும் பேலஸ்டை விடவில்லை, அதனால் பாயிண்ட் இல்லாத வண்டியிலும் இது இருக்கலாம். சாவி ஆனில் ரெசிஸ்டரின் இரண்டு பக்கமும் டெஸ்ட் லேம்ப் வைத்தால் தெரிந்துவிடும். ஒரு வயரால் அதைத் தாண்டவிட்டு ஓட்டாதீர்கள், காயில் வெந்துவிடும்.

இரவுப்பயணி:
ஒரு பக்கம் எரிகிறது, மறு பக்கம் இல்லை. ரெசிஸ்டரைக் கழற்றினேன், பின்புறச் சுருள் நடுவில் அறுந்து தெரிகிறது. புதிது போட்டேன், ஓடுகிறது. மிக்க நன்றி.

மண்சாலை:
திரும்பி வந்துவிட்டேன். இன்று ஏற்றத்தில் நின்றது. நான் ஆர்பிஎம் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டி கியரில் உருண்டுகொண்டிருக்கும்போதே முள் ஒரேயடியாகக் கீழே விழுந்தது.

ஓரமாக நிறுத்தி உடனே பார்த்தேன். காயில் பாசிட்டிவில் லேம்ப் பளிச்சென்று எரிந்தது. நெகட்டிவிலும் எரிந்தது. என் தம்பி செல்ஃப் அடித்தபோது துடிக்கவே இல்லை, அப்படியே நிலையாக நின்றது. ஸ்பார்க் டெஸ்டரில் பொறி இல்லை. ஆர்பிஎம் மீட்டர் வயரைக் கழற்றிப் பார்த்தேன், கண்டன்சரையும் கழற்றிப் பார்த்தேன், மாற்றம் இல்லை. எர்த்தில் 0.1 வோல்ட்தான்.

அப்படியென்றால் மாட்யூல் அல்லது பிக்கப் காயில். பழைய ஸ்பானர் சார் சொன்னது சரியாக வரும் போலிருக்கிறது.

கார்புகாரர்:
முள் விழுந்த விதத்திலேயே பெட்ரோல் இல்லை என்று தெரிந்துவிட்டது. நான் விலகிக்கொள்கிறேன். டேங்க் மூடியை மட்டும் எப்படியும் ஒருமுறை பாருங்கள்.

நீலப்பொறி:
அருமையாகப் பார்த்திருக்கிறீர்கள். காயில் விடுதலை. ஆனால் அதன் பிரைமரியை ஒருமுறை அளந்து வையுங்கள், வேறு காரணத்துக்காக. பேலஸ்ட் இல்லாத பாயிண்ட் வகைக் காயிலில் 3 ஓம் பக்கம் இருக்கும், பேலஸ்டோடு வருவதில் 1.5 ஓம் பக்கம், எலக்ட்ரானிக் வகை பலவற்றில் 1 ஓமுக்கும் கீழே. முன்பு போட்டவர் எதைப் போட்டார் என்று தெரியாது. உங்கள் மாட்யூலுக்கு வேண்டியதைவிட ஓம்ஸ் குறைவான காயிலைப் போட்டிருந்தால் மாட்யூல் வழியாக அதிகக் கரண்டு ஓடி அதைச் சுட்டுவிடும். மீட்டர் முனைகளை ஒன்றோடொன்று தொட்டு வரும் எண்ணைக் கழித்துக்கொள்ளுங்கள், இவ்வளவு சின்ன அளவில் அதுவும் கணக்கு.

இப்போது பிக்கப் காயில். கேப்பைக் கழற்றி, மாட்யூலில் செருகியிருக்கும் அதன் இரண்டு மெல்லிய வயரை எடுத்துவிட்டு ஓம்ஸ் பாருங்கள். இந்த வகையில் 500 முதல் 1,500 ஓமுக்குள் நிலையாக நிற்க வேண்டும். இரண்டில் எந்த முனைக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் உடம்புக்கும் தொடர்பே இருக்கக் கூடாது.

ஆறிய நிலையில் நல்ல எண் காட்டினால் அதோடு விட்டுவிடாதீர்கள். மீட்டரைப் பார்த்தபடியே வேக்யூம் அட்வான்ஸ் (என்ஜின் உறிஞ்சலால் பொறியை முந்தவைப்பது) குழாயில் கைப் பம்பால் வேக்யூம் கொடுங்கள். பம்ப் இல்லாவிட்டால் வாயால் உறிஞ்சினாலும் ஓரளவு நகரும். பிக்கப் காயில் உட்கார்ந்திருக்கும் தட்டு அசையும். பல வருடமாக நாம் ஆக்ஸிலரேட்டரை மிதித்து விடும் ஒவ்வொரு முறையும் அந்தத் தட்டு முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்திருக்கிறது. அதோடு அந்த இரண்டு வயரும் அதே இடத்தில் மடங்கி நிமிர்ந்திருக்கின்றன. எண் துள்ளுகிறதா பாருங்கள். பிறகு ஹேர் டிரையரால் சூடேற்றி மறுபடி பாருங்கள். சூட்டில் எண் கொஞ்சம் ஏறுவது இயல்பு. செம்பு சூடானால் ஓம்ஸ் கூடத்தான் செய்யும். துள்ளுவதும் அறுபடுவதும் இயல்பு இல்லை.

எல்லாம் நன்றாக இருந்தால், பிக்கப் வயரில் மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்துச் செல்ஃப் அடியுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் வந்தால் பிக்கப் காயில் பேசுகிறது. கரண்டும் எர்த்தும் சிக்னலும் எல்லாம் வந்து சேர்ந்தும் மாட்யூல் துடிக்கவில்லை என்றால் அப்போது மாட்யூலை மாற்றுங்கள், நானே சொல்கிறேன்.

மண்சாலை:
பார்த்துவிட்டேன். காயில் பிரைமரி 0.6 ஓம், சர்வீஸ் புத்தகத்தில் உள்ள அளவுக்குள்தான்.

பிக்கப் காயில் ஆறிய நிலையில் 800 ஓம் சொச்சம், கல் மாதிரி நிலையாக நின்றது. கைப் பம்பால் வேக்யூம் கொடுத்ததும் எண் ஆயிரங்களுக்குத் தாவி, ஒரு இடத்தில் ஓ.எல். (அளவுக்கு அப்பால், அதாவது சுற்று அறுந்தது) என்று காட்டிவிட்டுத் திரும்பி வந்தது. விட்டு விட்டுக் கொடுத்தால் தட்டு அதே இடத்தைத் தாண்டும்போது அதே தாவல். ஹேர் டிரையரைக் கொஞ்ச நேரம் காட்டிய பிறகு தட்டை அசைக்காமலேயே ஓ.எல். வந்து அப்படியே நின்றுவிட்டது. ஆறவிட்டால் மறுபடி 800.

பழைய_ஸ்பானர்:
இதைப் பார்த்த பிறகு எனக்கு மறுபேச்சு இல்லை. மாட்யூல் போட்டிருந்தால் வீண்தான். இனி வழி சொல்கிறேன், இந்த வேலை நான் நிறையச் செய்திருக்கிறேன்.

உங்கள் வகையில் பிக்கப் காயிலை எடுக்க டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்டையே உருவ வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டரை வெளியே எடுத்தாக வேண்டும், அதனால் அவசரம் வேண்டாம்.

முதலில் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். கேப்பை வயரோடு ஒதுக்கி வையுங்கள், வயர்களைக் கழற்ற வேண்டாம். ஒன்றாம் நம்பர் பிளக்கைக் கழற்றி, துளையில் விரலை வைத்து, கிராங்க் புல்லியில் சாக்கெட் போட்டு என்ஜின் சுற்றும் திசையிலேயே மெதுவாகத் திருப்புங்கள். விரலைக் காற்று தள்ளும்போது அது கம்ப்ரஷன் சுற்று. அப்படியே பேலன்சர் (கிராங்க் முனையில் உள்ள சக்கரம்) குறி பூஜ்யத்துக்கு வரும் வரை கொண்டுபோய் நிறுத்துங்கள். ரோட்டர் இப்போது கேப்பில் ஒன்றாம் நம்பர் இருக்கும் இடத்தைப் பார்க்கும். ரோட்டர் முனைக்கு நேராக டிஸ்ட்ரிபியூட்டர் உடம்பில் ஒரு பெயின்ட் குறி. உடம்புக்கும் என்ஜின் பிளாக்குக்கும் சேர்த்து இன்னொரு குறி. ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கிளாம்ப் போல்ட்டை எடுத்து மேலே இழுக்கும்போது கியரின் பற்கள் சாய்வாக இருப்பதால் ரோட்டர் கொஞ்சம் சுழன்றபடிதான் வெளியே வரும். அது சுழன்று நின்ற இடத்திலும் ஒரு குறி வையுங்கள். திரும்ப இறக்கும்போது ரோட்டரை இந்த இரண்டாவது குறியில் வைத்து இறக்கினால், அது சுழன்று சரியாக முதல் குறியில் வந்து உட்காரும். வெளியே இருக்கும்போது யாரும் என்ஜினைத் திருப்பக் கூடாது. சாவியை எடுத்து வைத்துவிடுங்கள்.

மேசையில் வைத்து, கியரின் கீழ் மரக்கட்டையை முட்டுக்கொடுத்து ரோல் பின்னைப் பன்ச்சால் தட்டி எடுங்கள். முட்டில்லாமல் தட்டினால் ஷாஃப்ட் வளையும். கியரில் ஒரு சின்ன குழி இருக்கும், அது ரோட்டர் முனை பார்க்கும் பக்கமே இருக்க வேண்டும். கழற்றும் முன் ஷாஃப்டிலும் கியரிலும் சேர்த்து ஒரு கோடு போட்டுவிட்டால் பயமில்லை. வாஷர்கள் எந்த வரிசையில் வந்தனவோ அதே வரிசையில் போக வேண்டும்.

நீலப்பொறி:
மிகச் சரியாகச் சொன்னீர்கள் சார். ஷாஃப்டை உருவும் முன் அதைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். புஷ் (ஷாஃப்டைத் தாங்கும் வளையம்) தேய்ந்து ஆடினால் பிக்கப் காயில் மட்டும் மாற்றிப் பயனில்லை. ஷாஃப்ட் ஆட ஆட டைமிங் (பொறி விழும் நேரம்) சிதறும், டைமிங் லைட்டில் குறி ஓரிடத்தில் நிற்காமல் நடுங்கும். அப்படியிருந்தால் முழு டிஸ்ட்ரிபியூட்டரையும் மாற்றிவிடுவதுதான் சரி. ஆட்டமில்லை என்றால் பழைய ஒரிஜினல் உடம்பை விடாதீர்கள், வேகத்துக்கேற்பப் பொறியை முந்தவைக்கும் அதன் வெயிட்டும் ஸ்பிரிங்கும் உங்கள் என்ஜினுக்கென்றே பொருத்தியவை.

மாட்யூலைக் கழற்றும்போது அடியில் உள்ள பழைய கிரீஸைத் துடைத்துவிட்டு, வெப்பம் கடத்தும் கிரீஸை மெல்லியதாகத் தடவுங்கள். மாட்யூலின் சூடு டிஸ்ட்ரிபியூட்டர் உடம்புக்குப் போக அதுதான் வழி. அது இல்லாமல் மாட்டிய மாட்யூல்கள் சீக்கிரமே போவதைப் பார்த்திருக்கிறேன். பிளக் வயர் பூட்டில் (முனையில் உள்ள ரப்பர் உறை) தடவும் கிரீஸ் வேறு, அது ஈரம் புகாமலும் பூட் ஒட்டாமலும் இருக்க.

மண்சாலை:
வேலை முடிந்தது. ஷாஃப்டில் ஆட்டம் இல்லை, அதனால் பழைய உடம்பையே வைத்துக்கொண்டேன்.

கழற்றிய பிக்கப் காயிலைப் பார்க்க ஆசைப்பட்டு அதன் வயரை பிளேடால் கீறிப் பார்த்தேன். வெளியே உறை ஒரு கீறல்கூட இல்லாமல் வழவழவென்று இருந்தது. தட்டின் ஓரத்தில் மடங்கும் இடத்தில் மட்டும் தொட்டால் கொஞ்சம் மெத்தென்று இருந்தது. அங்கே கீறினால் உள்ளே செம்பு இழைகள் எல்லாம் அறுந்து, முனைகள் கறுத்து, ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு மட்டும் இருந்தன. ஆறியிருக்கும்போது உறை இறுக்கிப் பிடித்து இரண்டு முனையையும் சேர்த்து வைத்திருக்கிறது. சூட்டில் உறை இளகியதும் விலகிவிடுகிறது. கண்ணால் பார்த்திருந்தால் இதை யாராலும் கண்டுபிடித்திருக்க முடியாது.

ஒரு சந்தேகம். இறக்கும்போது கடைசியில் கால் அங்குலம் உட்காராமல் நின்றது. இப்போது உட்கார்ந்துவிட்டது, ஆனால் ஏன் அப்படி?

பழைய_ஸ்பானர்:
ஆயில் பம்பின் ஷாஃப்ட் டிஸ்ட்ரிபியூட்டரின் கீழ்முனையில்தான் கோத்துக்கொள்கிறது. அந்தப் பள்ளம் நேராக இல்லாவிட்டால் கடைசியில் நிற்கும். நீளமான ஸ்க்ரூ டிரைவரால் பம்ப் ஷாஃப்டைக் கொஞ்சம் திருப்பி வைத்தால் விழுந்துவிடும். இதைப் படிக்கும் மற்றவர்களுக்குச் சொல்கிறேன், கிளாம்ப் போல்ட்டை இறுக்கி அதைக் கீழே இழுக்கப் பார்க்காதீர்கள். ஏதோ ஒன்று உடையும்.

நீலப்பொறி:
டைமிங் வைத்துவிட்டீர்களா? பானெட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள எண்தான் உங்களுக்கு. வேக்யூம் அட்வான்ஸ் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, ஐட்லிங்கில், என்ஜின் சூடாக இருக்கும்போது வையுங்கள். இறுக்கிய பிறகு மறுபடி ஒருமுறை லைட் அடித்துப் பாருங்கள், இறுக்கும்போதே கொஞ்சம் நகரும். அப்புறம் ரேஸ் கொடுத்தால் குறி சீராக முன்னால் போய், விட்டதும் திரும்பி வர வேண்டும். திரும்பாமல் ஒட்டினால் உள்ளே வெயிட் துருப்பிடித்திருக்கிறது. ரோட்டரைக் கையால் முறுக்கி விட்டால் அது தானாகத் திரும்ப வேண்டும், அதிலேயே தெரியும்.

இன்னொன்று. இவ்வளவு வயதான என்ஜினில் பேலன்சரின் வெளி வளையம் ரப்பரில் வழுக்கி நகர்ந்திருக்கலாம். அப்போது குறியே பொய் சொல்லும். ஒன்றாம் பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது குறி பூஜ்யத்தில் இருக்கிறதா என்று ஒருமுறை உறுதி செய்யுங்கள்.

மண்சாலை:
வைத்துவிட்டேன், குறி அசையாமல் நிற்கிறது. பேலன்சரும் சரியாகத்தான் இருக்கிறது. அதே ஏற்றத்தில் போய் வந்தேன், நல்ல வெயிலில், சுமையோடு. நிற்கவில்லை. முன்பு இருந்த லேசான திணறலும் காணவில்லை. அதை கார்புரேட்டர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கேப்பைத் திரும்ப மாட்டும்போது உள்ளே பார்த்தேன். இரண்டு டெர்மினலுக்கு நடுவில் பென்சிலால் கிறுக்கியதுபோல மெல்லிய கறுப்புக் கோடு ஓடுகிறது. துடைத்தால் போகவில்லை. மாற்ற வேண்டுமா?

வயர்மேன்:
மாற்றியே ஆக வேண்டும். பொறி அந்த வழியாக ஓடி ஓடிப் பிளாஸ்டிக்கைக் கரியாக்கியிருக்கிறது. கரி கரண்டைக் கடத்தும். சுரண்டினாலும் மறுபடி அதே வழியில்தான் ஓடும். ஈரமான நாளில் முதலில் மிஸ்ஸிங் வருவது இதனால்தான். ரோட்டரையும் சேர்த்தே போடுங்கள். பழையதன் அடியில் நடுவே ஊசிமுனை அளவு கருகிய புள்ளி இருக்கிறதா பாருங்கள், இருந்தால் பொறி ஷாஃப்டுக்கே துளைத்துக்கொண்டு போயிருக்கிறது. புதிய கேப்பின் நடுவில் உள்ள கார்பன் பட்டன் ஸ்பிரிங்கோடு உள்ளே போய் வருகிறதா என்று விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு மாட்டுங்கள்.

வயர்களை ஒவ்வொன்றாக மாற்றுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகக் கழற்றினால் 1-5-3-6-2-4 என்ற சிலிண்டர் வெடிக்கும் வரிசையைக் குழப்பிக்கொள்ள வாய்ப்பு. பிளக்கிலிருந்து எடுக்கும்போது வயரைப் பிடித்து இழுக்காமல், பூட்டைப் பிடித்து இடமும் வலமும் முறுக்கி எடுங்கள்.

மண்சாலை:
வயர்கள் பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருக்கின்றன. அவற்றையும் மாற்ற வேண்டுமா?

வயர்மேன்:
அளந்து பார்த்து முடிவு செய்யுங்கள். ஒவ்வொன்றின் ஓம்ஸையும் நீளத்தையும் குறித்து வையுங்கள். நீளத்துக்கு ஏற்றபடி ஏறிக்கொண்டே போனால் நல்லது. ஒன்று மட்டும் மற்றவற்றைவிடப் பல மடங்கு காட்டினால் அல்லது வளைக்கும்போது துள்ளினால் அந்த வயர் போய்விட்டது. அப்புறம் இருட்டில் என்ஜினை ஓடவிட்டு, தூரமாக நின்று மெல்லிய தண்ணீர்த் தூவலை வயர்கள் மேல் அடியுங்கள். கசிவு இருந்தால் நீல நூலாகப் பொறி தாவுவது தெரியும். கை வைக்காமல், பார்த்துவிட்டு அணைத்துவிடுங்கள். பெட்ரோல் வாடை வந்தால் இந்தச் சோதனையே வேண்டாம்.

மாட்டும்போது எல்லா வயரும் பிளாஸ்டிக் பிடிப்பானில் தனித்தனியாக உட்காரட்டும். அடுத்தடுத்து வெடிக்கும் சிலிண்டர்களின் வயர்கள் நீளமாக ஒட்டிப் போகக் கூடாது. ஒன்றின் துடிப்பு மற்றதில் ஏறும். பல வி8 என்ஜின்களில் 1-8-4-3-6-5-7-2 வரிசையில் 5-ம் 7-ம் அடுத்தடுத்து வெடிக்கின்றன, சிலிண்டரும் பக்கத்துப் பக்கத்தில். அங்கே இந்தத் தொல்லை அடிக்கடி வரும்.

மண்சாலை:
இருட்டில் பார்த்தேன், ஒன்றும் தாவவில்லை. ஓம்ஸும் ஒழுங்காக இருக்கிறது. வயரை விட்டுவிட்டேன், கேப்பும் ரோட்டரும் மட்டும் புதிது. பிளக் மூக்கு எல்லாம் வெளிர் பழுப்பு, இடைவெளி மட்டும் புத்தகத்தில் இருந்ததைவிடக் கொஞ்சம் குறைவாக வைத்திருந்தார்கள். கம்பி கேஜ் வைத்துச் சரிசெய்துவிட்டேன்.

கடைசியாக ஒன்று. வண்டியில் உபரியாக என்ன வைத்துக்கொள்வது?

பழைய_ஸ்பானர்:
ஒரு மாட்யூல், அதைக் கழற்றும் சாக்கெட், சின்ன டியூப் கிரீஸ். பழைய ரோட்டர் நன்றாக இருந்தால் அதுவும். ஆனால் உபரி மாட்யூலைப் பெட்டியோடு வைக்காதீர்கள். ஒரு நாள் வண்டியில் மாட்டி, நன்றாகச் சூடேறும் வரை ஓட்டிப் பார்த்துவிட்டு, கழற்றி வையுங்கள். நீலப்பொறி சொன்னபடி சோதித்த பொருள்தான் உபரி.

நீலப்பொறி:
கூடவே அந்த டெஸ்ட் லேம்பும். கழற்றிய பழைய பிக்கப் காயிலை மட்டும் உபரி டப்பாவில் போட்டுவிடாதீர்கள் தம்பி. ஆறிய நிலையில் அது இன்னும் 800 ஓம்தான் காட்டும், பிறகு யாராவது நல்லது என்று நினைத்து மாட்டிவிடுவார்கள். வயரை வெட்டிவிட்டுத் தூக்கிப் போடுங்கள்.

மண்சாலை:
வெட்டிவிட்டேன் அண்ணா.